க்ரைம் மட்டுமே படிச்சவங்க வேற ஜானருக்கு எப்படிப் போறது?

கேள்வி: பல வருஷமா க்ரைம், துப்பறியும் நாவல் மட்டும்தான் படிக்கிறேன். இப்பல்லாம் பாதியிலயே கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சிடுது, சலிப்பா இருக்கு. சரி வேற ஏதாவது படிக்கலாம்னு ஒரு சரித்திர நாவலும் ஒரு சயின்ஸ் ஃபிக்ஷனும் எடுத்தேன், ரெண்டுலயும் 40 பக்கத்தைத் தாண்ட முடியல. எனக்கு க்ரைம் மட்டும்தான் செட் ஆகுமா, இல்ல வேற எங்கேர்ந்தாவது ஆரம்பிக்கணுமா?

பதில்: மத்ததும் செட் ஆகும், கவலைப்படாதீங்க. அந்த ரெண்டு புக்கை எப்படி எடுத்தீங்கன்னு நீங்க எழுதல, ஆனா "இந்த ஜானர்ல பெஸ்ட் எது"ன்னு தேடி லிஸ்ட்ல முதல்ல இருந்ததை எடுத்திருப்பீங்கன்னு நினைக்கிறேன், ஏன்னா எங்கிட்ட புக் கேக்குறவங்க முக்காவாசிப் பேர் அப்படித்தான் மாட்டிக்கிறாங்க. அந்த லிஸ்டைப் போடுறவங்க அந்த ஜானர்ல ஊறுனவங்க. அவங்களுக்கு உச்சமாத் தெரியுறது புதுசா வர்றவங்களுக்கு வாசற்படியா இருக்கணும்னு அவசியமே இல்ல.

அதனால புக்கைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச க்ரைம் நாவல் ரெண்டு மூணை மனசுல ஓட்டிப் பாருங்க. முதல்ல எது ஞாபகம் வருது? "அட, அந்த க்ளூ அங்கயே கெடந்துச்சே"ன்னு தலையில அடிச்சுக்க வெச்ச கடைசி அத்தியாயமா, துப்பறியுறவரோட நக்கலா, கதை நடந்த ஊரும் மழையுமா, கொலை பண்ணவன் மண்டைக்குள்ள ஓடுனதா, இல்ல ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கீழ வைக்க முடியலங்கிறது மட்டும்தானா? க்ரைம் பிடிக்கும்னு எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்றோம், ஆனா உள்ள ஒவ்வொருத்தரும் தேடுறது வேற. அது எதுன்னு தெரிஞ்சிட்டா அதே சுகம் வேற எந்த ஜானர்ல கெடைக்கும்னு பாத்துப் போயிடலாம்.

புதிர்தான் உங்களுக்குப் பிடிச்சதுன்னா, நீங்க பயந்து மூடி வெச்ச சயின்ஸ் ஃபிக்ஷன்தான் உங்களுக்கு ரொம்பப் பக்கம். இதுல சுவாரசியமான ஒரு விஷயம் இருக்கு. சயின்ஸ் ஃபிக்ஷன் பத்திரிகை எடிட்டர் ஜான் கேம்ப்பெல், துப்பறியும் கதையும் சயின்ஸ் ஃபிக்ஷனும் சேரவே சேராதுன்னு சொன்னாராம். கதாசிரியர் கடைசி நேரத்துல புதுசா ஒரு மெஷினைக் கொண்டுவந்து கொலைகாரனைக் கண்டுபிடிச்சிடலாமே, அப்ப வாசகர் ஏமாந்துபோவாரேங்கிறது அவரோட வாதம். நியாயமான வாதம்தான். அதைப் பொய்யாக்கணும்னே ஐசக் அசிமோவ் எழுதுனதுதான் 1954ல புத்தகமா வந்த 'தி கேவ்ஸ் ஆஃப் ஸ்டீல்', மனுஷ டிடெக்டிவ் ஒருத்தருக்கு ரோபோ ஒண்ணு பார்ட்னர். அவர் பண்ண தந்திரம் ரொம்ப சிம்பிள், அந்த உலகத்துல என்ன முடியும் என்ன முடியாதுன்னு நம்மகிட்ட முன்னாடியே சொல்லிடுறார். ரோபோ மனுஷனுக்குத் தீங்கு பண்ணக் கூடாதுங்கிற விதி ஒரு க்ளூ மாதிரி வேலை செய்யுது, அப்புறம் அந்த விதிக்குள்ளயே நின்னுக்கிட்டு இந்தக் கொலை எப்படி நடந்திருக்கும்னு நீங்க யோசிக்கணும், பூட்டுன ரூமுக்குள்ள நடந்த கொலைக்கு நீங்க எப்படி யோசிப்பீங்களோ அதே மாதிரி.

அப்ப ஏன் 40 பக்கத்துல நின்னுபோச்சு? படிக்கிற பழக்கம்தான் காரணம். இந்த வரியைப் பாருங்க: "மூணாவது சூரியனும் மறைஞ்சதும் அவ கதவைச் சாத்துனா." உங்களை மாதிரி க்ரைம் ஆளு உடனே அந்தக் கதவைப் பிடிச்சுக்குவீங்க, ஏன் சாத்துனா, உள்ள யாரு இருக்கா, எத்தனை மணி இருக்கும், இதை யாராவது பாத்தாங்களான்னு. சயின்ஸ் ஃபிக்ஷன் வாசகருக்குக் கதவு ஒரு பொருட்டே இல்ல, மூணு சூரியன்னா அங்க ராத்திரியே அபூர்வமா இருக்குமோ, இருட்டுன்னா அங்க இருக்குறவங்களுக்குப் பயமோன்னு உலகத்தைக் கட்ட ஆரம்பிச்சிடுவார். ஹாரர் படிக்கிறவருக்கு, வெளிய என்ன நிக்குதுங்கிறதுதான் கேள்வி. காதல் கதை படிக்கிறவங்க, அவ யார் முகத்துல கதவைச் சாத்துனான்னு கேப்பாங்க. வரி ஒண்ணுதான், எதை விசாரிக்கணுங்கிறதுதான் மாறுது. நீங்க க்ரைம் கண்ணோட சயின்ஸ் ஃபிக்ஷனைப் படிக்கும்போது புரியாத ஒவ்வொரு வார்த்தையும் க்ளூவோன்னு தலையில ஏத்திக்கிறீங்க, முப்பது பக்கத்துக்குள்ள மண்டை வலிக்காம என்ன பண்ணும்! புரியாததை அப்படியே விட்டுட்டு நகருங்க, தேவையானது திரும்பத் திரும்ப வரும், அப்ப தானாப் பிடிபடும். ஃபேண்டஸிக்கும் இதேதான், முன்பக்கத்துல இருக்குற மேப்பையும் பேர்ப் பட்டியலையும் யாரும் மனப்பாடம் பண்றதில்ல.

கொலைகாரன் மனசுதான் உங்களை இழுக்குதுன்னா இலக்கிய நாவல் பக்கம் தைரியமா போங்க. தஸ்தயேவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' 1866ல வந்தது, எம்.ஏ.சுசீலா மொழிபெயர்ப்புல தமிழ்லயே கெடைக்குது. மொத்தம் ஆறு பாகம், முதல் பாகத்துக்குள்ளயே கொலை நடந்து முடிஞ்சிடுது, யாரு பண்ணான்னும் நமக்குத் தெரியும். மிச்ச அஞ்சு பாகத்துல அப்படி என்னதான் இருக்குன்னு கேட்டா, அவன் அதைச் சுமந்துக்கிட்டு அலையுறதும், ஒரு விசாரணை அதிகாரி அவனைப் பேச்சுலயே சுத்தி வளைக்கிறதும். கொலைகாரனைப் பாதியிலயே கண்டுபிடிச்சிடுறேன்னு சலிச்சுக்கிற உங்களுக்கு, முதல்லயே யாருன்னு சொல்லிட்டு அப்புறமும் விடாம படிக்க வைக்கிற நாவல்தான் சரியான மருந்துன்னு எனக்குத் தோணுது. தடிமனைப் பாத்துப் பயந்துடாதீங்க. பேருங்கதான் கொஞ்சம் படுத்தும், ஒரே ஆளை மூணு விதமாக் கூப்பிடுவாங்க, புக்மார்க்ல எழுதி வெச்சுக்குங்க போதும்.

துப்பறியுறவரோட பேச்சுக்காகத்தான் படிக்கிறேன்னா ஜானரைத் தேடவே வேணாம், எழுத்தாளரைப் பின்தொடர்ந்து போங்க. சுஜாதா இதுக்கு நல்ல உதாரணம். கணேஷ், வசந்த்ங்கிற வக்கீல் ஜோடி துப்பறியுற கதைங்க எழுதுன அதே கைதான் ஜீனோங்கிற ரோபோ நாயை வெச்சு 'என் இனிய இயந்திரா' எழுதுச்சு, அதே கைதான் ராஜராஜ சோழன் காலத்துக்குப் போய் 'காந்தளூர் வசந்தகுமாரன் கதை'யும் எழுதுச்சு. அதுல வசந்தகுமாரன்னு ஒருத்தன், கணேச பட்டர்னு ஒருத்தர், படிச்சா யாரு யாருன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும். ஜானர் புதுசு, ஆனா குரல் பழகுனது, அதனால முதல் பத்து பக்கத்துல வர்ற அந்த அந்நியத்தனம் இருக்காது. எட்கர் ஆலன் போ கூட அப்படித்தான், 1841ல முதல் துப்பறியும் கதைன்னு பலரும் சொல்ற கதையை எழுதுனவரும் அவர்தான், நடுங்க வைக்கிற ஹாரர் கதைங்க எழுதுனவரும் அவர்தான். ஹாரருக்குப் போகும்போது மட்டும் ஒண்ணு சொல்லிடுறேன், க்ரைம்ல கடைசியில எல்லா முடிச்சும் அவிழும், நல்ல ஹாரர்ல வேணும்னே ஒரு முடிச்சை அவிழ்க்காம விட்டுடுவாங்க. "இது என்ன முடிவு"ன்னு கோவப்படாதீங்க.

சரித்திர நாவல் வேற கதை. அங்க பிரச்சினை வேகம்தான். உம்பர்த்தோ எக்கோவோட 'தி நேம் ஆஃப் தி ரோஸ்' (1980) ஒரு துப்பறியும் நாவல்தான், 1327ல ஒரு கிறிஸ்தவ மடத்துல வரிசையா சாவு விழுது, ஒரு துறவி விசாரிக்கிறார். ஆனா அதோட முதல் 100 பக்கம் ரொம்பக் கஷ்டமா இருக்குன்னு, சுருக்கச் சொல்லி நண்பர்களும் எடிட்டர்களும் கேட்டும் எக்கோ மாட்டேன்னுட்டார். மடத்துக்குள்ள ஏழு நாள் தங்கணும்னா மடத்தோட வேகத்துக்கு வாசகர் வந்துதான் ஆகணுங்கிறது அவர் நினைப்பு. எனக்கு அவர் சொல்றது சரின்னுதான் படுது, ஆனா உங்களுக்கு அதை முதல் புக்கா நான் தர மாட்டேன். வேகம் வேணும்னா பத்திரிகையில தொடரா வந்த சரித்திர நாவலை எடுங்க. அடுத்த வாரமும் ஆளை வரவழைக்கணுமே, அதனால அத்தியாயம் முடியுற இடத்துல ஒரு கொக்கி போட்டே ஆகணும், த்ரில்லர் படிச்ச உங்களுக்கு அது நல்லாப் பழக்கம். கல்கில ஆரம்பிக்கிறதா இருந்தா எல்லாரும் அஞ்சு பாகம் 'பொன்னியின் செல்வ'னைக் கையில திணிப்பாங்க, நான் 'பார்த்திபன் கனவு'ன்னுதான் சொல்வேன். சின்னது, வேஷம் போட்டு வர்ற ஆளுங்களும் ரகசியமும் அதுலயும் இருக்கு, யாரு யாருன்னு நீங்க கண்டுபிடிக்கலாம்.

எவ்வளவு தூரம் பொறுத்துப் பாக்கணும்னு ஒரு கணக்கு உண்டு. நான்சி பேர்ல்ங்கிற அமெரிக்க லைப்ரரியன் சொன்னது: 50 வயசு வரைக்கும் ஒரு புக்குக்கு 50 பக்கம் குடுங்க, அதுக்கு மேலன்னா 100லேர்ந்து உங்க வயசைக் கழிச்சு வர்ற அத்தனை பக்கம் போதும். 60 வயசுக்காரர் 40 பக்கத்தோட மூடிடலாம். பழகுன ஜானருக்கு இது அருமையான விதி, புது ஜானருக்குப் பத்தாதுங்கிறது என் கட்சி. வேற உலகமோ வேற காலமோ வர்ற நாவலுக்கு இன்னொரு 30, 40 பக்கம் சேத்துக் குடுங்க, இல்லன்னா அந்த ஜானர்ல முதல்ல சிறுகதைத் தொகுப்பு எடுங்க, அதுல ஒண்ணு பிடிக்கலன்னா அடுத்ததுக்குத் தாவலாம், எதையும் பாதியில விட்டோங்கிற குத்தவுணர்ச்சி வராது.

க்ரைமை நிறுத்தாதீங்க. புது ஜானர்ல ஒண்ணு முடிச்சா நடுவுல ஒரு க்ரைம் படிங்க, ஒரே நேரத்துல மூணு புது ஜானரைத் தொறந்து வைக்காதீங்க. வேலை முடிஞ்சு அசந்துபோய் வர்ற ராத்திரியில புது ஜானர் புக்கைத் தொடாதீங்க, லீவு நாள் காலையில முதல் ஐம்பது பக்கத்தை ஒரே மூச்சுல படிச்சிட்டீங்கன்னா அப்புறம் ராத்திரியும் ஓடும்.

கடைசியா, மொழிபெயர்ப்பு நாவல் எடுக்கும்போது முதல் பக்கத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, அது வர்ணனையா இருக்கும், ஓரளவுக்கு எல்லாரும் ஒப்பேத்திடுவாங்க. நடுவுல ரெண்டு பேர் சண்டை போடுற பக்கமா பாத்துத் தொறந்து, அந்த வசனத்தை வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க. நாக்கு தடுக்குனா அந்தப் பதிப்பை வெச்சிடுங்க, அதே நாவலுக்கு வேற மொழிபெயர்ப்பு இருக்கான்னு தேடுங்க.