மூன்றரை அடி உயரக் கடை கவுண்டர் மேசைக்கு எந்த ஸ்டூல்?

தருமபுரி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று கெண்டைக்கால் வீங்குகிறது, ஒன்றரை அடி பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டும் யாரும் உட்காருவதில்லை என்று கேட்டிருந்தீர்கள். உயரம்தான் கோளாறு. வாடிக்கையாளர் வரும்போதெல்லாம் அவ்வளவு தாழ்விலிருந்து எழுந்தால் முழங்கால் நோகும், பாவம்.

கவுண்டர் மேல்பலகைக்கு 10–12 அங்குலம் கீழே இருக்கை வர வேண்டும். உங்கள் கவுண்டர் மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம் என்பதால், இருக்கை தரையிலிருந்து 30–32 அங்குலம். அதற்கு 16–18 அங்குலம் கீழே கால் வைக்க வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் கால் தொங்கி, இருக்கை விளிம்பு தொடையை அழுத்தி மரத்துப்போகும். சக்கரம் வேண்டவே வேண்டாம், டைல்ஸில் நழுவும். ஸ்டூலின் கால்களுக்கு ரப்பர் புஷ் போடுங்கள்.

கவுண்டருக்கு அடியில் துணி அடுக்கியிருந்தால் ஒரு தட்டைக் கழற்றி முழங்காலுக்கு இடம் விடுங்கள், இல்லையேல் இடுப்பைத் திருப்பியே உட்கார நேரும்.

முதலாளி தயங்கினால், தமிழ்நாடு கடைகள் சட்டத்தில் 2021இல் சேர்த்த 22-ஏ பிரிவைக் காட்டுங்கள். இருக்கை தருவது கடையின் கடமை.