மூன்று கிலோமீட்டர் காற்றில்லாமல் ஓடிய டயர்

கேள்வி: குளத்துப்புழையில் ரப்பர் பால் எடுக்கும் வேலை செய்கிறேன். மாதம் இரண்டு முறையாவது மனைவியை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு தென்மலை, ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்குப் போய்வருவேன். போன வாரம் கழுதுருட்டி பதின்மூன்று கண் பாலத்துக்கு அருகில் பின் டயரில் ஆணி ஏறிவிட்டது. டியூப்லெஸ் டயர். மழை வேறு, கடை தேடி மூன்று கிலோமீட்டர் காற்றில்லாமலே ஓட்டிவிட்டேன். ஓட்டையை அடைக்க வெளியிலிருந்து ஸ்ட்ரிப் என்ற ரப்பர் திரியைச் செருகிக் கொடுத்தார்கள். இரண்டே நாளில் மறுபடி காற்று இறங்கியது. ஒரு கடைக்காரர் உள்ளே டியூப் போட்டால் போதும் என்கிறார். இன்னொருவர் முன், பின் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். ஓட்டை, தரையில் படும் பட்டன் பகுதியில்தான் இருக்கிறது. டயர் நடுவில் தேய்ந்திருக்கிறது. பக்கத்தில் 3520 என்று அச்சிட்டிருக்கிறது. ஒட்டுவதா, மாற்றுவதா? மாற்றினால் செங்கோட்டையில் வாங்குவது லாபமா?

பதில்: பின் டயரை மாற்றிவிடுங்கள் ஐயா. ஆணி குத்தியதற்காக இதைச் சொல்லவில்லை, அந்த மூன்று கிலோமீட்டருக்காகச் சொல்கிறேன்.

ஆணி மட்டும் என்றால் பதில் வேறாக இருந்திருக்கும். பட்டன் பகுதியில், ஆறு மில்லிமீட்டருக்கு மேல் போகாத ஓட்டையை முறையாக அடைத்துவிடலாம். ஆனால் காற்றில்லாத டயரின் மேல் வண்டியும் இரண்டு பேரும் ஏறி உருளும்போது, பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடிந்து மடிந்து நிமிர்கிறது. சூடேறி உள்ளே இருக்கும் நைலான் இழைகள் நைந்துபோகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கழற்றி உள்பக்கம் விரலை ஓட்டுங்கள். மிளகுத் தூளைப் போல் ரப்பர் பொடி உதிர்ந்தாலோ, சுவரைச் சுற்றி வளையமாக உரசல் தடம் தெரிந்தாலோ அந்த டயரின் கதை முடிந்தது. பட்டன் புதிதாகவே இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

நீங்கள் ரப்பரோடு வாழ்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். நீங்கள் எடுக்கும் பாலிலிருந்து வரும் இயற்கை ரப்பர் உருளும்போது அதிகம் சூடேறாது, கிழிசலையும் நன்றாகத் தாங்கும்; டயர் செய்ய அது இல்லாமல் முடியாது. ஆனால் காற்று அதன் வழியே மெல்லக் கசியும். அதனால் டியூப்லெஸ் டயரின் உள்பக்கம் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரில் மெல்லிய படலம் ஒன்றை வைக்கிறார்கள். டியூப் செய்யும் வேலையை அந்தப் படலம்தான் செய்கிறது. வெளியிலிருந்து செருகும் ஸ்ட்ரிப் ஓட்டையில் இறுகி நிற்கிறதே தவிர, படலத்தை ஒட்டுவதில்லை. வீடு வந்து சேர அது போதும். நிலையாக நிற்க வேண்டுமானால் டயரைக் கழற்றி, உள்பக்கத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, காளான் வடிவ அடைப்பும் ஒட்டுத் துண்டும் ஒன்றாக உள்ளதை உள்ளிருந்து வைக்க வேண்டும். பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தால் இதுவும் கூடாது.

டியூப் போடும் யோசனையை விட்டுவிடுங்கள். டியூப் காற்றைப் பிடிக்கும். நைந்த சுவருக்குப் பலம் தராது. ஆரியங்காவு இறக்கத்தில் பிரேக் பிடிக்கும் நேரத்தில் சுவர் விட்டுக்கொடுத்தால், டியூப் அந்த நொடியே வெடிக்கும். பின்னால் உங்கள் மனைவி உட்கார்ந்திருப்பார். கொஞ்சம் பணம் மிச்சம் பிடிக்க இப்படி ஒரு வழியைச் சொல்லும் கடைக்காரர்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

3520 என்பது 2020ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர் என்பதைக் குறிக்கும். ஐந்து ஆண்டைக் கடந்தாலே தூக்கிப் போட வேண்டியதில்லை, ஆனால் அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும். தேய்மானத்தைப் பட்டன்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் பாருங்கள். பக்கச் சுவரில் சிறு முக்கோணமோ டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு உண்டு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயர் மொட்டை. இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர், மழை பெய்யும் மலைப் பாதைக்கு அதுவரை காத்திருப்பதே தவறு. முன் டயரையும் இதே கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். மேடு தெரியவில்லை, வெடிப்பு இல்லை என்றால் அதை மாற்றத் தேவையில்லை. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

தமிழ்நாட்டுச் செங்கோட்டையா, உங்கள் பக்கத்துப் புனலூரா என்பதில் பெரிய வித்தியாசம் வராது. டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது, எல்லையின் இரு பக்கமும் அதே வரிதான். அச்சிட்ட விலை உச்ச வரம்பு. அதற்குக் கீழே பேரம் பேசலாம். ஐஎஸ்ஐ முத்திரை, பழைய டயரில் உள்ள அதே அளவு, நான்கு இலக்கத் தேதி ஆகிய மூன்றையும் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். தள்ளுபடி என்று சொல்லி மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததைத் தந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டயரோடு வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி சரியாக இருக்கிறதா என்று நின்று பாருங்கள். ரசீதில் அளவும் தேதி எண்ணும் இருக்கட்டும். உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், பஞ்சருக்குக் கிடையாது.

தமிழ்நாட்டில் வாங்கிவிட்டுக் கேரளத்தில் எங்கே போய்ப் புகார் செய்வது என்ற தயக்கமும் வேண்டாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே, அதாவது கொல்லத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்கலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசிப் பாருங்கள்; தமிழிலும் பேசலாம்.

புது டயரின் மேற்பரப்பு முதலில் கொஞ்சம் வழுக்கும். முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் வளைவில் அதிகம் சாய்க்காமல் ஓட்டுங்கள். மாற்றும்வரை மலைப் பாதையில் வண்டியை எடுக்க வேண்டாம். அவசரமாகச் செங்கோட்டை போக வேண்டியிருந்தால் இருவரும் பஸ்ஸில் போய்வாருங்கள்.