நஹம்: தேற்றுவதும் மனஸ்தாபப்படுவதும்

அன்புள்ள ஐயா,

நோவா பற்றிய கட்டுரையில், 'தேற்றுதல்', 'மனஸ்தாபம்' இரண்டும் எபிரேயத்தில் ஒரே வினைச்சொல் என்று போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அதன் உண்மையான அர்த்தம் 'பெருமூச்சு விடுதல்'தான், எல்லா வசனங்களையும் அப்படியே வாசிக்கவேண்டும் என்று எங்கள் சபையில் ஒரு ஊழியர் பிரசங்கித்தார். சரியா? இன்னொன்று: 1 சாமுவேல் 15-இல் சவுலை ராஜாவாக்கியதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்படுகிறார். அதே அதிகாரத்தில் 'மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல' என்றும் வருகிறது. மூலத்தில் இவை வேறு வேறு சொற்களா?

டி., பாளையங்கோட்டை

அன்புள்ள டி.,

வேறு சொற்கள் இல்லை. நீங்கள் கேட்கிற அந்த எபிரேய வினை 'நஹம்'. ஒரே 'நஹம்', ஒரே வினைவடிவம், அந்த அதிகாரத்தில் நான்கு முறை. 11-ஆம் வசனத்தில் கர்த்தரே சொல்கிறார். 29-இல் சாமுவேல் இரண்டு தடவை மறுக்கிறார். 35-இல் கதைசொல்லி, கர்த்தர் மனஸ்தாபப்பட்டார் என்றே அதிகாரத்தை முடிக்கிறார். ஆறு வசனத்துக்கு முன்னால் எழுதியது அவருக்கு மறந்துபோயிருக்காது. 29-ஐ யார், எப்போது சொல்கிறார் என்று பாருங்கள். சவுல் சாமுவேலின் சால்வைத் தொங்கலைப் பிடித்து இழுத்து, அது கிழிந்து நிற்கிற நேரம். 'இந்தத் தீர்ப்பு இனி மாறாது, கெஞ்சாதே' என்பதுதான் அங்கே பேச்சு. அதைக் கடவுளின் குணம் பற்றிய பொதுச் சூத்திரமாக்கி, 11-ஐயும் 35-ஐயும் அதற்கேற்ப வளைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. யோனா புத்தகத்தின் நாலாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசியின் புகாரே, நீர் இப்படி மனஸ்தாபப்படுகிறவர் என்று எனக்கு அப்போதே தெரியும் என்பதுதானே.

இனி பெருமூச்சு. அரபியில் உள்ள ஓர் உறவுச்சொல்லை வைத்துச் சொல்லப்படுவது அது. பழைய ஏற்பாட்டில் இந்த வினை நூறு இடங்களுக்கு மேல் வருகிறது. ஓரிடத்திலும் மூச்சு விடுவதைக் குறிக்கவில்லை. வேரைத் தோண்டி எடுத்த பொருளை எல்லா வசனத்திலும் திணித்தால் பிரசங்கம் சுவைக்கும், வசனம் கெடும்.

பொருளைத் தீர்மானிப்பதில் வினைவடிவத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழர்களுக்கு இது எளிது. நம்மிடம் ஆறு–ஆற்று, தேறு–தேற்று என்று ஜோடி இருக்கிறதல்லவா, ஏறக்குறைய அதுபோல. 'பியேல்' வடிவத்தில் வந்தால் பிறரை ஆற்றுவது. ஏசாயா 40-இன் தொடக்கம், 'நஹமூ, நஹமூ அம்மீ'. ஒரே சொல்லைத்தான் அங்கே இரண்டு முறை சொல்கிறார். நம் பழைய மொழிபெயர்ப்பு அதை 'ஆற்றுங்கள், தேற்றுங்கள்' என்று பிரித்துக்கொண்டது. அழகுதான், குறை சொல்லமாட்டேன். 'நிஃபால்' வடிவத்தில் வந்தால் தானே ஆறுவது: தாய் இறந்தபின் ஈசாக்கு ரெபெக்காளால் ஆறுதல் அடைவது அப்படி. ஆனால் அதே நிஃபால்தான் செய்ததற்கு வருந்துவதையும், செய்ய நினைத்ததைக் கைவிடுவதையும் குறிக்கிறது. அங்கே வடிவம் கைகொடுக்காது, சூழலைத்தான் பார்க்கவேண்டும்.

இன்னொரு வடிவம் 'ஹித்பாயேல்'. அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஆதியாகமம் 27:42. ஆசீர்வாதத்தைப் பறிகொடுத்த ஏசா, தம்பியைக் கொல்லப்போகிறேன் என்று நினைத்துத் 'தன்னைத் தேற்றிக்கொள்ளுகிறான்'. பழிவாங்கும் எண்ணமே அவனுக்கு ஆறுதல்! மென்மையான சொல் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

நோவாவைப் பற்றி நான் அவசரமாகக் கடந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமம் 5:29-இல் லாமேக்கு, நம் வேலையிலும் கைகளின் பிரயாசத்திலும் 'இவன் நம்மைத் தேற்றுவான்' என்று குழந்தைக்குப் பேரிடுகிறான். நோவா என்ற பெயருக்கு இலக்கணப்படி நெருக்கமானது 'ஓய்தல்' என்ற வேர். லாமேக்கு ஒலியைப் பிடித்து நஹமுக்குத் தாவுகிறான். சில வசனங்கள் தள்ளி 6:6: மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்பட்டார், அவர் இருதயத்துக்கு விசனமாயிருந்தது. மனஸ்தாபம் நஹம். 'உண்டாக்கின' என்பதும் 'வேலை' என்பதும் ஒரே வேர். 'விசனம்', 'பிரயாசம்' இரண்டும் ஒரே வேர். தகப்பன் நம்பிக்கையோடு சொன்ன மூன்று சொற்களையும் எடுத்து, அதே வரிசையில், வெள்ளத்துக்குக் காரணம் சொல்கிற வாக்கியமாக்கியிருக்கிறார் எழுதியவர். தமிழில் இது தெரிய வழியில்லை.

யோபு 42:6-ஐயும் இதோடு வாசியுங்கள். 'தூளிலும் சாம்பலிலும் இருந்து மனஸ்தாபப்படுகிறேன்' என்ற வரியில் இருப்பது நிஃபால் நஹம்தான். 'தூளையும் சாம்பலையும் குறித்து ஆறுதலடைகிறேன்' என்றும் அதை வாசிக்க முடியும். சில அறிஞர்கள் அப்படியே வாசிக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன். இரண்டாம் அதிகாரத்தில் நண்பர்கள் அவனை நஹம் செய்யத்தான் வந்தார்கள், அவர்களால் முடியவில்லை.