புக்கரெஸ்டில் வாடகைக்கு விட ஃபிளாட் வாங்கலாமா? விலையைத் தவிர வேறென்ன பார்க்க வேண்டும்?

சதுர மீட்டர் விலை, மாத வாடகை, லாப விகிதம் எல்லாம் கணக்குப் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் வேலை பார்க்கிறேன், வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். உங்கள் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: கட்டடம் எந்த வருஷம் கட்டியது? கம்யூனிச ஆட்சி முடிந்த 1989-க்கு முன் யார் கையில் இருந்தது?

ருமேனியாவில் 1950-ல் ஓர் ஆணை போட்டு வசதியானவர்களின் வீடுகளை அரசு எடுத்துக்கொண்டது. 1974-ல் இன்னோர் ஆணை: நாட்டை விட்டுப் போகிறவர்களின் வீடும் அரசுக்கே. சிபியு, ப்ரஷோவ் நகரங்களின் பக்கத்து ஜெர்மன் குடும்பங்கள் பலவும் அப்படி வீட்டை விட்டுவிட்டுப் போனவைதான். கம்யூனிச ஆட்சி விழுந்த பிறகு, 1995-ல் வந்த சட்டம் அந்த வீடுகளில் குடியிருந்தவர்களே அவற்றை வாங்கிக்கொள்ள வழி செய்தது. 2001-ல் வந்த சட்டமோ பழைய உரிமையாளர்களும் வாரிசுகளும் உரிமை கோரலாம் என்றது. ஒரே வீட்டுக்கு இரண்டு பேர், இருவர் கையிலும் பத்திரம்! ஸ்ட்ராஸ்பர்க் மனித உரிமை நீதிமன்றம் வரை வழக்குகள் போயின. நகர மையத்தில் அழகான பழைய பங்களா மலிவாக வருகிறது என்றால், முதலில் இந்தக் கதையைத் தோண்டுங்கள்.

தோண்டுவதும் இடத்தைப் பொறுத்தது. ஒருகாலத்தில் ஆஸ்திரியர் ஆண்ட ட்ரான்சில்வேனியாப் பகுதியில் அவர்கள் காலத்திலிருந்தே மனை வாரியாகப் பதிவேடு உண்டு. புக்கரெஸ்ட் பக்கமோ பழைய பதிவெல்லாம் ஆள் பெயர் வாரியாக இருந்தது; 1996-ல் வந்த சட்டம்தான் நாடு முழுக்க ஒரே முறையைக் கொண்டுவந்தது. அதனால் இன்றைய நிலப் பதிவேட்டு நகலை (நம்மூர் வில்லங்கச் சான்று மாதிரி) மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். விற்பவருக்கு வீடு எப்படி வந்தது என்று பின்னோக்கிப் பத்திரங்களைக் கேளுங்கள்.

அடுத்தது நிலநடுக்கம். 1977 மார்ச் 4 அன்று வந்ததில் 1,500-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலும் புக்கரெஸ்டில். மகேரு பெருஞ்சாலையில் நடந்தால் சில கட்டடங்களின் வாசலில் சிவப்பு வட்டம் தெரியும். பெரிய நடுக்கம் வந்தால் இடியலாம் என்று அர்த்தம். மாநகராட்சியின் பட்டியலிலும் தேடலாம். வங்கிகள் பொதுவாக இவற்றுக்குக் கடன் தருவதில்லை, ஆகவே நாளை நீங்கள் விற்கப் போனால் முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும்.

என்னைக் கேட்டால், அவலட்சணமாக இருந்தாலும் எண்பதுகளில் கட்டிய அடுக்குமாடிதான் மேல். 1977-க்குப் பிறகு கட்டட விதிகள் இறுகின. உரிமைச் சிக்கலும் பொதுவாகக் குறைவு: அரசு கட்டிய ஃபிளாட்டுகளை 1990-க்குப் பின் குடியிருந்தவர்களுக்கே மலிவாக விற்றுவிட்டார்கள். இந்நாட்டில் சுமார் 95 சதவீதம் பேர் சொந்த வீட்டில் இருப்பதற்கு அது முக்கியக் காரணம். அதே காரணத்தால் உள்ளூர்க் குடும்பங்களை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள். மாணவர்களும் வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவர்களும்தான் உங்கள் ஆட்கள்.

அப்புறம் சூடு. பழைய கட்டடங்களுக்கு, குளிரில் வீட்டைச் சூடாக்கும் வெந்நீர் நகரக் குழாயில்தான் வருகிறது, அந்தக் குழாய்களில் பலவும் கம்யூனிசக் காலத்தவை. குளிர்காலத்தில் குழாய் உடைந்தால் வாடகைக்கு இருப்பவர் கூப்பிடுவது உங்களைத்தான். விளம்பரத்தில் தனி கேஸ் பாய்லர் என்று இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

நீங்கள் இந்தியக் குடிமகன் என்றால் ஃபிளாட் வாங்கலாம், ஆனால் அடியில் உள்ள நிலத்தின் பங்கு உரிமையாக வராது, பயன்படுத்தும் உரிமைதான். இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதற்கும் ஆளுக்கு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரம்பு. பத்திரம் நோட்டரி முன்னால்தான் முடியும். வழக்கமாக அவர் கட்டணத்தை வாங்குபவரே கட்டுவதால், விற்பவரோ ஏஜென்டோ கைகாட்டுகிறவரிடம் போகாமல் நீங்களே ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.