அட்டையின் பின்னால் தாத்தா, தவலையின் விளிம்பில் பாட்டி

கேள்வி: பெங்களூரு ஹலசூரில் இருக்கிறோம். எங்கள் தாத்தாவின் தாத்தா 1880களில் கண்டோன்மென்ட்டில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தாராம். மிஞ்சியிருப்பது நான்கு அட்டைப் படங்கள், ஒரு பித்தளைத் தவலை, இரண்டு செம்பு, வீட்டுக் கிரயப் பத்திரத்தின் நகல். ஒரு படத்தில் வெள்ளைப் புடவையில் ஓர் அம்மாள் நிற்கிறார். அவர் மனைவியா, விதவையான தாயா என்று வீட்டில் வாக்குவாதம். மனைவியின் பெயர்கூட யாருக்கும் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் காரியமாக, அந்தத் தவலையைப் புளி போட்டுத் தேய்ப்பதை நிறுத்துங்கள். உங்கள் பாட்டியின் பெயருக்கு வழி அதில் இருக்க வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு முறை துலக்கும்போதும் எழுத்து கொஞ்சம் மழுங்கும்.

படங்களை முதலில் பார்ப்போம். அட்டையை ஸ்கேலால் அளந்து பாருங்கள். சுமார் 6.3 x 10 செ.மீ. என்றால் கார்ட்-டி-விசிட், அதாவது விசிட்டிங் கார்டு அளவு அட்டைப் படம்; இந்த அளவுக்கு 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்ற போட்டோகிராபர் காப்புரிமை வாங்கினார். சுமார் 10.8 x 16.5 செ.மீ. என்றால் கேபினட் அட்டை, அது 1866க்குப் பிறகு வந்தது. பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் படத்தின் மேற்பரப்பைப் பாருங்கள். காகித நார் தெரிந்து, வெளிச்சமான இடங்கள் மஞ்சளித்திருந்தால் முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமென் தாள். நாரே தெரியாமல் வழவழவென்றிருந்தால் பெரும்பாலும் 1890களையோ அதற்குப் பிந்தைய காலத்தையோ சேர்ந்தது.

பின்பக்கம் இன்னும் முக்கியம். ஸ்டூடியோ வாங்கிய பதக்கத்தின் படத்தோடு ஆண்டு அச்சாகியிருந்தால் படம் அந்த ஆண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. ‘சவுத் பரேட்’ என்று முகவரி இருந்தால் இன்றைய எம்.ஜி. ரோடு. கையால் எழுதிய எண் ஸ்டூடியோவின் நெகட்டிவ் எண்ணாக இருக்கும். நான்கையும் எண் வரிசையில் வைத்தாலே எது முந்தியது என்று ஓரளவு பிடிபடும். பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அடியில் பொடி எழுத்தில் ‘மரியான், பாரிஸ்’ என்பதுபோல் இருந்தால் அது அட்டை அச்சிட்டவர் பெயர், படம் எடுத்தவர் பெயரல்ல. ‘பெண்களுக்குப் பெண்ணே படமெடுப்பார்’ என்ற தொனியில் வாசகம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 1892இல் புகழ்பெற்ற போட்டோகிராபர் ராஜா தீன் தயாள் ஹைதராபாத்தில் பெண்களுக்கென்றே தனி ஸ்டூடியோ திறந்து ஒரு பெண்மணியிடம் ஒப்படைத்தார். சிறிய ஸ்டூடியோவில் அந்த வேலையை வீட்டம்மாவே செய்திருக்கக்கூடும்.

இனி வெள்ளைப் புடவை. படமெடுக்கப் பயன்பட்ட அக்காலக் கண்ணாடித் தகடுகளில் நீலம் சட்டென்று பதியும். சிவப்பும் மஞ்சளும் சரியாகப் பதியாது, படத்தில் கறுத்துப்போகும். அதனால் வெளிர்நீலப் புடவை வெள்ளையாக வரும், குங்குமம் கரும்புள்ளியாக வரும், மஞ்சள் பூசிய முகம் நிஜத்தைவிடக் கறுப்பாக வரும். புடவை நிறத்தை வைத்து விதவை என்று தீர்ப்பு எழுத வேண்டாம். லென்ஸை நெற்றிக்கும் கழுத்துக்கும் கொண்டுபோங்கள். பொட்டும் தாலியும் தெரிந்தால் வாக்குவாதம் முடிந்தது. தெரியாவிட்டால் முடியவில்லை, ஏனென்றால் நெகட்டிவில் பென்சிலால் தொட்டுச் சுருக்கங்களை மறைப்பது அன்றைய வழக்கம், அதில் பொட்டும் மறைந்திருக்கலாம். அதே காரணத்தால் முகத்தை வைத்து வயதும் சொல்லாதீர்கள். நகையில் வண்ணம் மேற்பரப்பில் திட்டாக நின்றால் அது பிற்பாடு தூரிகையில் போட்டது. அப்படி ஒரு நகையே வீட்டில் இல்லாமலும் இருந்திருக்கலாம்.

படங்களை இருபுறமும் 600 டிபிஐயில், ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து ஸ்கேன் செய்யுங்கள். ஈரத்துணி, செலோடேப் இரண்டும் கூடாது. ராமபாணப் பூச்சி ஒட்டுப்பசையைத் தேடி வரும், ஆகவே பழைய அட்டைப்பெட்டியில் போட்டு வைக்காதீர்கள்.

தவலைக்கு வருவோம். இருட்டறையில் டார்ச்சை விளிம்பை ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். நேராக அடித்தால் எழுத்து தெரியாது. மெல்லிய தாளை வைத்து மென்பென்சிலால் உரசி நகல் எடுங்கள். உளியால் குத்திய புள்ளிகளாக இருந்தால் பழையது. ஒரே இழுப்பில் மயிரிழைக் கோடாக ஓடினால் மெஷினில் வெட்டியது, பிற்காலத்தது. மூன்று பாத்திரத்திலும் ஒரே இனிஷியலா என்று பாருங்கள். வேறாக ஒன்று இருந்தால் அது பிறந்த வீட்டுச் சீராக இருக்கலாம்; அந்த எழுத்து அவருடைய அப்பாவைச் சுட்டும்.

வருஷப் பெயர் இருந்தால் அறுபதாண்டுச் சுழற்சியை மறக்காதீர்கள். தாது என்றால் பஞ்சம் வந்த 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். தை, மாசி என்று மாதம் சேர்ந்திருந்தால் ஆங்கில ஆண்டில் ஒன்றைக் கூட்டுங்கள்: தாது வருஷம் தை மாதம் என்பது 1877 ஜனவரி.

பிறகு பத்திரம். பழைய பத்திரங்களில் பெண்ணை ‘இன்னார் பாரியாள்’, ‘இன்னார் குமாரத்தி’ என்று குறிப்பிடுவார்கள். சப்-ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில், வீடு நிலப் பத்திரங்கள் பதிவாகும் முதல் புத்தகத்தையும் அதன் இன்டெக்ஸையும் யாரும் விண்ணப்பித்துப் பார்க்கலாம். பதிவுச் சட்டம் 57ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆள் பெயர்ப்படி தேட முதல் இன்டெக்ஸ், சொத்துப்படி தேட இரண்டாவது. பழைய புத்தகங்கள் இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்று முதலில் கேட்டுக்கொண்டு போங்கள், எல்லைகள் பலமுறை மாறிவிட்டன.

அரசு ஆவணங்களில் தேடும்போதும் கவனம் வேண்டும். 1881இல் மைசூர் ராஜ்யம் மன்னரிடம் திரும்பியபோதும் கண்டோன்மென்ட் பிரிட்டிஷ் அரசின் பிரதிநிதியான ரெசிடென்ட் கையிலேயே இருந்தது. ஆகவே விதான சவுதாவில் உள்ள கர்நாடக ஆவணக் காப்பகத்தில் மன்னர் பக்கம் இருந்த பழைய நகரமான பேட்டையின் சங்கதிதான் அதிகம் சிக்கும். ரெசிடென்சி கோப்புகளுக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்தில் தேடுங்கள். தாத்தாவின் பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார்.