குழந்தைகள் இருக்கும் வீட்டில் நாய்க்குட்டியைக் கூண்டில் பழக்கலாமா?

இரண்டு மாதக் குட்டி வந்திருக்கிறது, வீட்டில் 4 வயதிலும் 8 வயதிலும் பிள்ளைகள், கூண்டில் விட்டால் இரவெல்லாம் அழுகிறது, அடைத்து வைப்பது பாவம் இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். போன ஏப்ரலில் எங்கள் கோவை வீட்டிலும் இதே நிலைமைதான். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 5. நாட்டு நாய்க்குட்டி மிளகுக்கு அப்போது இரண்டு மாதம்.

"பச்சக் கொழந்தையக் கூண்டுல போட்டுப் பூட்டறயே, மனசு வருதா உனக்கு?" என்று எங்கள் அத்தை கேட்டார். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவும் இல்லை. அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. முதல் இரவே கூண்டை ஹாலில் வைத்து, குட்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு நாங்கள் அறைக்குள் போய்விட்டோம். முந்தின நாள் வரை தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் ஒட்டிப் படுத்திருந்த உயிர் அது. விடியும் வரை கத்தியது. உங்கள் வீட்டிலும் இதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மறுநாள் கூண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அத்தையின் பழைய நூல் புடவையை மடித்துக் கீழே விரித்தேன். இரவில் கம்பி வழியாக விரலை விட்டுக்கொண்டு படுத்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டது. பகலில் மூன்று நாள் கதவை மூடவே இல்லை. சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைப்போம். வேக வைத்த கோழித் துண்டு ஒன்றை உள்ளே போட்டு "வீட்டுக்கு" என்போம், தானாக ஓடும். நாலாம் நாள், சாப்பிடும் நேரத்துக்கு மட்டும் கதவை மூடி, முடித்ததும் திறந்தோம். அப்புறம் இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று கூட்டினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். ஆள் இல்லாமல் அரை மணி நேரம் நிம்மதியாக இருக்க மூன்று வாரம் ஆனது. அவசரப்படாதீர்கள்.

அந்த வயதில் மூத்திரத்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. அதனால் நடு இரவில் அழுதால் பிடிவாதம் என்று நினைக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், போய்விட்டு வந்ததும் திரும்ப உள்ளே. தூங்கி எழுந்தவுடன், சாப்பிட்டவுடன், விளையாடி முடித்தவுடன் எப்போதும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். தடுப்பூசிகள் முடியும் வரை தெருவுக்கு வேண்டாம், குட்டிகளின் உயிரையே பறிக்கும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் பார்வோ கிருமி மண்ணிலேயே பல மாதம் கிடக்கும். நாங்கள் மொட்டை மாடி மூலையைப் பழக்கினோம். கூண்டு, குட்டி எழுந்து நின்று திரும்பிப் படுக்கும் அளவு இருந்தால் போதும். ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு இன்னொரு மூலையில் படுத்துக்கொள்ளும். வளரும் குட்டி என்பதால் நடுவில் தடுப்புத் தட்டி உள்ளதாக வாங்குங்கள்.

சரி, பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு உண்மையான வேலை இதில்தான் இருந்தது. கோடை விடுமுறை, இருவரும் நாள் முழுக்க வீட்டில். நாய்க்குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரம் வரைகூடத் தூங்கும். மிளகை யாரும் தூங்க விடவில்லை. தூக்கம் கெட்டால் கைக்குழந்தை சிணுங்கும், நாய்க்குட்டி கடிக்கும். ஒரு மாலை, தூங்கிக்கொண்டிருந்த குட்டியைப் பார்க்க மகள் கூண்டுக்குள்ளேயே தவழ்ந்து போய்விட்டாள். திடுக்கிட்டு எழுந்த மிளகு கையைப் பற்றியது, பல் பதிந்து லேசாக ரத்தம். சின்னக் குட்டிதானே என்று இதை விடவே கூடாது. குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவினோம், அன்றே ஆஸ்பத்திரியில் ரேபிஸ் ஊசி ஆரம்பித்தோம். குட்டிக்கு மூன்று மாதம் ஆகும்போதுதான் அந்தத் தடுப்பூசியே போடுவார்கள்.

அன்று இரவு மகளையே கோலப்பொடி எடுத்துவரச் சொல்லி, கூண்டைச் சுற்றி ஒரு கோடு போடவைத்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் மிளகின் வீடு. அது உள்ளே இருந்தால் யாரும் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, கம்பியைத் தட்டக் கூடாது. வெளியே வந்தால் விளையாடலாம். அவள் கையால் போட்ட கோடு என்பதால் அண்ணனையும் மீற விடவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் விடவில்லை. மகனுக்கு "வீட்டுக்கு" சொல்லிக் கோழித் துண்டு போடும் பொறுப்பு. "சேட்டை பண்ணினா கூண்டுல போட்டுருவேன்" என்று ஒருநாள் அவன் சொன்னபோது மட்டும் கண்டிப்பாக நிறுத்தினேன். தண்டனைக்கு ஒருமுறை பூட்டினாலும் அந்த இடத்தின் மேல் குட்டிக்கு நம்பிக்கை போய்விடும். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் உங்கள் 4 வயதுப் பிள்ளையையும் குட்டியையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள், கூண்டுக் கதவு மூடியிருந்தாலும்.

நம் ஊர் வெயிலுக்குக் கம்பிக் கூண்டுதான் நல்லது. பால்கனியிலோ ஜன்னல் வெயில் விழும் இடத்திலோ வேண்டாம். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், கம்பியில் மாட்டினால் இறுக்கிவிடும். கூண்டின் அடித்தட்டைச் சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். ஃபினாயில் வேண்டாம், குட்டி நக்கும்.

பாவமா என்று கேட்டீர்களே. தீபாவளிக்கு வெடிச் சத்தம் ஆரம்பித்ததும் மிளகு யாரும் சொல்லாமல் கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அத்தைதான் இன்னொரு புடவையை மேலே போர்த்திவிட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆனால் நீங்கள் இருவருமே வேலைக்குப் போய், பகல் முழுக்கப் பூட்டி வைப்பதுதான் திட்டம் என்றால் கூண்டு வேண்டாம். அது நிச்சயம் பாவம். ஒரு அறையில் சின்னக் கேட் போட்டுத் தடுத்து, மதியம் வந்து பார்க்க ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள்.