லாக் ஃபைலில் ராத்திரி 2 மணியை மட்டும் எடுப்பது எப்படி?

கேள்வி: வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்தான். 8-ம் தேதி நைட் ஷிப்டில், 2.10-லிருந்து அரை மணி நேரம் பண்டில் ஸ்கேன் பண்ணும் சாஃப்ட்வேர் நின்றுவிட்டது. அது என்ன செய்தது என்பதை நேரத்தோடு வரிவரியாகப் பதிந்துவைக்கும் லாக் ஃபைலை எடிட்டரில் திறந்தால் சிஸ்டமே தொங்குகிறது. லினக்ஸின் செட் (sed) கமாண்டில் 02:10 முதல் 02:40 வரை என்று கேட்டேன், ஒன்றுமே வரவில்லை. 02:08 முதல் என்று மாற்றினால் காலை வரைக்கும் அத்தனையும் வந்து கொட்டுகிறது. ஏனுங்க இப்படி?

பதில்: செட்டுக்கு மணி பார்க்கத் தெரியாதுங்க. நீங்கள் கொடுத்த எழுத்து உள்ள வரி வந்தால் அச்சிட ஆரம்பிக்கும், முடிவு எழுத்து உள்ள வரி வந்தால் நிறுத்தும், அவ்வளவுதான். சாஃப்ட்வேர் நின்றிருந்ததால் 02:10 என்ற வரியே இல்லை, அதனால் ஆரம்பிக்கவே இல்லை. 02:08 இருந்தது, ஆரம்பித்தது. 02:40 இல்லை, ஆகவே ஃபைல் முடியும்வரை ஓடியது.

ஆக் (awk) கமாண்டுக்கு வாருங்கள். கமாண்டின் பெயரையும் ஃபைல் பெயரையும் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்:

ஆக் '$0 >= "2025-01-08 02:00" && $0 < "2025-01-08 02:45"' ஆப்.லாக்

$0 என்றால் முழு வரி. இதுவும் எழுத்தைத்தான் ஒப்பிடுகிறது. ஆனால் வருடம், மாதம், தேதி, மணி என்ற வரிசையில் எழுதியிருந்தால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றுதான், அந்த நிமிடத்தில் வரி இருக்கிறதா இல்லையா என்ற கவலை இல்லை. ஒற்றை மேற்கோளை மட்டும் விட்டுவிடாதீர்கள், விட்டால் ஷெல் (நீங்கள் அடிக்கும் கமாண்டை வாங்கி ஓட்டும் புரோகிராம்) அந்த > குறியைப் பார்த்து சமக்குறியையே பெயராக வைத்து ஒரு ஃபைலை உருவாக்கிவிட்டுப் போய்விடும். 02:00-லிருந்து கேட்டிருப்பதற்கும் காரணம் உண்டு: நின்ற பிறகு லாக்கில் என்ன இருக்கப்போகிறது, நிற்பதற்கு முந்தைய பத்து நிமிடத்தில்தான் விஷயம் இருக்கும். (அந்த நேரத்தில் கரன்ட் போனதா என்று எலக்ட்ரீசியனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.)

ஜாவா பிழைச் செய்தியில் முதல் வரிக்குத்தான் தேதி இருக்கும், கீழே உள்ள வரிகளை இந்த ஆக் விழுங்கிவிடும். அதனால் முதலில் வரும் பிழை வரியின் நேரத்தைக் குறித்துக்கொண்டு, லெஸ் (less) கமாண்டில் ஃபைலைத் திறந்து, / அடித்து அந்த நேரத்தைக் கொடுத்து அந்த இடத்துக்கே போய்ப் படியுங்கள். லெஸ் முழு ஃபைலையும் மெமரியில் ஏற்றாது, தொங்காது.

வெப் சர்வரின் ஆக்சஸ் லாக்கில் 08/ஜன/2025 என்கிற மாதிரி, மாதத்தை ஆங்கில எழுத்தில் போட்டிருப்பார்கள். அங்கே வரி பொதுவாகத் தேதியில் தொடங்காது, அதனால் $0-க்குப் பதில் நேரம் உள்ள பகுதியை மட்டும் ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்தாலும் இந்த வித்தை ஒரே நாளுக்குள்தான் சரி, நாள் தாண்டினால் நம்பாதீர்கள். ஆங்கில அகரவரிசையில் ஜனவரிக்கு முன்னால் ஏப்ரல் வந்து நிற்கும்.

இதற்கெல்லாம் முன்னால் டெயில் (tail) கமாண்ட் போட்டு கடைசி வரியின் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் லாக் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் ஓடுகிறது, அப்படியென்றால் நீங்கள் தேட வேண்டியது 7-ம் தேதி 20:40. அப்புறம், நாள் மாறும்போது லாக் புது ஃபைலுக்கு மாறி, பழைய ஃபைல் ஜீஜிப் (gzip) ஆகச் சுருங்கியிருந்தால், ஜீகேட் (zcat) போட்டு அதன் வெளியீட்டை பைப் (| குறி) வழியாக இதே ஆக்கிடம், கடைசியில் உள்ள ஃபைல் பெயரை எடுத்துவிட்டு, கொடுத்துவிடுங்கள்.